எரியுது, சிஸ்டர்

வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒரு பாட்டி. ஜன்னலோரக் கட்டில். முதல் பாட்டில் சலைன் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் மாட்டிய கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டு கையை உதறப் பார்க்கிறார்.

"எரியுது, சிஸ்டர். தோள் வரைக்கும் ஏறுது."

சிஸ்டர் வந்து, கேனுலா குத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்க்கிறார். வீக்கம் இல்லை. "பொட்டாசியம் போகுதில்ல பாட்டி, அப்படித்தான் எரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றபடி குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டித் துளிகளின் வேகத்தைக் குறைக்கிறார். எரிச்சல் மெல்லத் தணிகிறது. பாட்டி மறுபடியும் கண்ணை மூடுகிறார்.

சிஸ்டர் செய்த இரண்டும் சரி. முதலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு வேகத்தைக் குறைத்தார். சொன்னதில்தான் எனக்குத் தகராறு. அப்படித்தான் எரியும் என்பது நம் வார்டுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஆறுதல். ஆனால் சிரையில் மருந்து எரிவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது: எவ்வளவு மருந்து, எவ்வளவு ரத்தத்தில் கலக்கிறது, எவ்வளவு நேரம் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மாற்ற முடிந்தால் எரிச்சலையும் மாற்றலாம்.

பாட்டியின் பாட்டிலிலிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் 10 மில்லி. அதில் ஒன்றரை கிராம் உப்பு, அதாவது 20 மில்லிமோல் பொட்டாசியம். அதை 500 மில்லி சலைனில் கலந்தால் லிட்டருக்கு 40 மில்லிமோல் என்ற அடர்த்தி வரும். கைச் சிரையில் ஏற்றுவதற்கு வழக்கமாக வைக்கப்படும் உச்சவரம்பும் அதுதான். நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து மில்லிமோல். ஆக, விதிக்கு உட்பட்டுத் தயாரித்த பாட்டிலே ரத்தத்தைப் போல எட்டு, பத்து மடங்கு பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

அது ஏன் எரிய வேண்டும்? வலியை எடுத்துச் செல்லும் நரம்பு இழை தன் உள்ளே பொட்டாசியத்தை நிறைத்து வைத்து, வெளியே குறைவாக வைத்திருப்பதால்தான் ஓய்வு நிலையில் இருக்கிறது. உள்ளே 140, வெளியே 4 என்ற அந்த ஏற்றத்தாழ்வே அதன் மின்னழுத்தம். வெளியே இருக்கும் பொட்டாசியம் சட்டென்று கூடினால் ஏற்றத்தாழ்வு சரிகிறது, நரம்பு தானாகவே சமிக்ஞை அனுப்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் திசுவில் காயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. பாட்டிக்குத் தெரிந்தது கற்பனை வலி இல்லை, நரம்பு அடித்த மணி.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. பொட்டாசியக் கரைசல் சலைனைவிடக் கனமானது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அடிப்பக்கமாக ஊசி வழியே செலுத்திவிட்டு அப்படியே விட்டால், அது அடியில் தங்கிவிடும். குழாய் கிளம்புவதும் அடியிலிருந்துதான். சீட்டில் 40 என்று எழுதியிருக்கும், முதல் சில நிமிடங்கள் சிரைக்குள் போவதோ அதைவிடப் பல மடங்கு அடர்த்தியான சரக்கு. எரிச்சல் மட்டும் என்றால் பரவாயில்லை, அடர்த்தியான பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடியது. அதனால்தான் மருந்தைச் சேர்த்த பிறகு பாட்டிலைக் கழற்றிப் பலமுறை கவிழ்த்துக் கலக்கச் சொல்கிறார்கள். வலியைக் குறைக்கும் வழிகளில் இதைவிட மலிவானது எதுவும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வாந்தி நின்று, குடிக்க முடிகிற நிலை வந்துவிட்டால், பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லியில் அதே 20 மில்லிமோல் இருக்கிறது. குமட்டும் சுவைதான், ஆனால் கை எரியாது. சிரை வழியே கொடுத்தாக வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிற ஊர் இது. 500 மில்லி பாட்டில் 5 சதவீதக் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன்.

சரி, சிரைக்குள் போவோம்.

சிரை என்பது ரப்பர் குழாய் இல்லை. அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் விரிந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது இந்தப் படலத்தின் உபயம். அதற்கு வெளியே மெல்லிய தசை அடுக்கு, அதற்கும் வெளியே இணைப்புத் திசு, அவற்றினூடே வலி நரம்புகள். மருந்து உட்படலச் செல்களைச் சுருக்கினாலோ, வீங்கச் செய்தாலோ, அமிலமாகவோ காரமாகவோ அவற்றைத் தாக்கினாலோ, செல்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. அடியிலிருக்கும் பரப்பு ரத்தத்துக்குத் தெரிந்ததும் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. அழற்சி தொடங்குகிறது. இடைவெளி வழியாகக் கசியும் மருந்து வெளி அடுக்கு நரம்புகளைத் தொடுகிறது.

இதோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் எரிச்சலுக்கு எதிர்வினையாகச் சிரையின் தசை இறுகுகிறது. குழல் குறுகுகிறது, ஓடும் ரத்தம் குறைகிறது. ரத்தம் குறைந்தால் மருந்து நீர்ப்பது குறைகிறது. நீர்ப்பது குறைந்தால் எரிச்சல் கூடுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, மறுநாள் காலையில் தோலுக்கு மேலே சிவந்த கோடாகவும், தொட்டால் கயிறு போல உருளும் தடிப்பாகவும் அது தெரிகிறது. மருத்துவர்கள் சிரை அழற்சி என்று எழுதுவது இதைத்தான். கேனுலா உரசுவதாலும் இது வரும், கிருமி புகுந்தாலும் வரும், மருந்தின் வேதியியலாலும் வரும். மூன்றும் ஒரே கையில் ஒன்றாகவும் வரலாம். இந்த அத்தியாயத்தின் கவலை பெரும்பாலும் மூன்றாவது.

ரத்தத்தின் ஆஸ்மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தக் கணக்கு, ஏறத்தாழ 290 மில்லிஆஸ்மோல். நார்மல் சலைன் 308. அதனால்தான் பாட்டி முதல் பாட்டிலைத் தூங்கியே கழித்தார். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 505 வரும். 25 சதவீதம் என்றால் 1,250க்கு மேல். 50 சதவீதம் என்றால் 2,500ஐத் தாண்டும். கைச் சிரைக்கு 900 வரை போகலாம் என்பது அமெரிக்கச் சிரைவழி மருத்துவச் செவிலியர் சங்கத்தின் வழிகாட்டி. 600க்கு மேலே போனாலே கவனம் தேவை என்பவர்களும் இருக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலின் அதிகமாகி மயங்கி விழுந்தால், அவசரத்தில் அடர்த்தியான டெக்ஸ்ட்ரோஸைச் சிரிஞ்சில் எடுத்து அழுத்துவது பழைய வழக்கம். அடர்த்தியாகக் கொடுத்தால் சீக்கிரம் எழுவார் என்ற நம்பிக்கை. 2005இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆம்புலன்ஸ் பணியாளர்கள் சிலருக்கு 50 சதவீதமும் சிலருக்கு 10 சதவீதமும் கொடுத்தார்கள். இரு குழுவிலும் நினைவு திரும்ப ஆன இடைநிலை நேரம் 8 நிமிடம். நீர்த்த மருந்து தாமதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது தேவைப்பட்ட மொத்தச் சர்க்கரைகூடக் குறைவாக இருந்தது. சிரைக்கு நல்லது செய்ய நோயாளிக்குக் கெட்டது செய்ய வேண்டிய கட்டாயம் பல நேரங்களில் இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

அடுத்தது பி.எச். எண். ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவே குறுகிய வரப்பில் நடக்கிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்தால் 2.5 முதல் 4.5 வரை, அதாவது நல்ல புளிப்பு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் 12, சலவைச் சோடாவைத் தாண்டிய காரம். 5க்குக் கீழே, 9க்கு மேலே இருந்தால் கைச் சிரையில் கொடுக்காதே என்று நெடுநாள் ஒரு விதி இருந்தது. அந்த விதிக்கு நார்மல் சலைனே சவால் விடும். அதன் பி.எச். பெரும்பாலும் ஐந்தரைதான், சில பாட்டில்களில் அதற்கும் கீழே. ஆனால் அது யாரையும் எரிப்பதில்லை. அந்தப் புளிப்புக்குப் பின்னால் சரக்கு இல்லை, ரத்தத்தின் பைகார்பனேட் பட்டவுடன் காணாமல் போய்விடும். மருந்து எவ்வளவு பிடிவாதமாகத் தன் அமிலத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் விஷயம். அதே செவிலியர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில் பி.எச். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதைக் கைவிட்டது. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எளிது, அதனால்தான் அது அத்தனை வருடம் தாக்குப்பிடித்தது என்று நினைக்கிறேன்.

இதுவரை பேசியதெல்லாம் பாட்டிலுக்குள் இருக்கும் நீர்ப்பு. மருந்து இன்னொரு முறையும் நீர்க்கிறது, சிரைக்குள், ஓடும் ரத்தத்தில். பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான்.

புறங்கையில் நீலமாகத் தெரியும் சிரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மில்லி ரத்தம் ஓடுகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. முழங்கைப் பக்கம் வந்தால் 40 முதல் 90 மில்லி. மார்புக்குள், இதயத்தின் வாசலில் இருக்கும் பெருஞ்சிரையில் ஏறத்தாழ 2 லிட்டர். ஒரே ஸ்பூன் மிளகாய்த்தூளை ஒரு கிண்ணம் ரசத்தில் போடுவதற்கும் கல்யாணப் பந்தி அண்டாவில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இப்போது வான்கோமைசின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 கிராமை 200 மில்லியில் கரைத்து (மில்லிக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது), நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் 100 நிமிடத்தில் ஏற்றினால், நிமிடத்துக்கு 2 மில்லி உள்ளே போகிறது. புறங்கையில் ஒரு பங்கு மருந்துக்கு ஐந்து பங்கு ரத்தம். பெருஞ்சிரையில் ஆயிரம் பங்கு. அவசரத்தில் அதே கிராமை 100 மில்லி பாட்டிலில் கரைத்து அரை மணியில் ஓட்டினால் புறங்கையில் கிடைப்பது மூன்று பங்கு ரத்தம்தான், அதுவும் இரட்டை அடர்த்தி மருந்துக்கு.

இந்த இரண்டாவது நீர்ப்பு எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டியது பால் வெள்ளையான ஒரு மருந்து.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜான் கிளென் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் மயக்க மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்டெடுத்த புரோபோஃபால் ஒரு ஃபீனால் வகை எண்ணெய், தண்ணீரில் கரையாது. முதலில் அதைக் கிரெமோஃபோர் என்ற கரைப்பானில் கலந்தார்கள். சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதால் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. பிறகு சோயா எண்ணெயும் முட்டைப் பாஸ்ஃபோலிப்பிடும் சேர்த்த பால்மமாக மாற்றி 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் தூங்கவைப்பது பெரும்பாலும் அதுதான். கிளென்னுக்கு 2018இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தூக்கம் வருவதற்கு முந்தைய சில நொடிகளில் கை எரியும். எதுவும் செய்யாமல் கொடுத்தால் பத்தில் ஆறு பேருக்கு எரிகிறது. எண்ணெய்த் துளிகளுக்கு வெளியே நீர்ப்பகுதியில் தனியாக மிதக்கும் சிறு பங்கு மருந்துதான் நரம்பு முனையிலிருக்கும் ட்ரிப் ஏ1 என்ற வாயிலைத் திறக்கிறது. கடுகையும் வசாபியையும் கடிக்கும்போது மூக்கில் ஏறுவதற்குக் காரணமான அதே வாயில்.

எரிச்சலைத் தடுக்க என்னென்னவோ முயன்றார்கள். குளிரவைத்தார்கள், சூடாக்கினார்கள், ஓபியம் வகை மருந்துகளை முன்னால் கொடுத்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு 177 சோதனைகளை, 25,260 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வென்றவை இரண்டு. ஒன்று, கையில் இறுக்குப்பட்டி கட்டி, மரக்கவைக்கும் லிக்னோகெய்னைச் செலுத்தி, சிரைக்குள்ளேயே கொஞ்ச நேரம் தேக்கி வைத்துவிட்டு, பிறகு பட்டியை அவிழ்த்துப் புரோபோஃபால் கொடுப்பது. மற்றொன்றுக்கு எந்த மருந்தும் வேண்டாம். புறங்கையை விட்டு முழங்கை மடிப்பில் இருக்கும் பெரிய சிரையைத் தேர்ந்தெடுப்பது. அது மட்டுமே எரிச்சலின் வாய்ப்பை ஏழில் ஒரு பங்காக்கியது. இத்தனை ஆய்வுகளின் முடிவில் கிடைத்தது, இடத்தை மாற்று என்பது. பெரிய சிரையில் பெரிய ஓட்டம், மருந்து சுவரைத் தொடுவதற்கு முன்பே ரத்தத்தில் கரைந்துவிடுகிறது.

மருந்தை மாற்ற முடியுமானால் அதைவிட நல்லது. வேதியியலாளர்கள் இதில் சில அழகான வேலைகளைச் செய்திருக்கிறார்கள்.

பதற்றத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசெபாம் தண்ணீரில் கரையாது. ஊசி மருந்தாக்க அதைப் புரோப்பிலீன் கிளைகாலிலும் ஆல்கஹாலிலும் கரைத்தார்கள். சிரைகளைப் பாழாக்குவதில் அது பேர்போனது. எண்ணெய்ப் பால்மமாக மாற்றியபோது தொந்தரவு குறைந்தது. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்து வேதியியலாளர்கள் 1970களில் உருவாக்கிய மிடசோலாம் இன்னும் தந்திரமானது. குப்பியில் அமிலச் சூழலில் அதன் வளையம் திறந்துகொள்கிறது, அதனால் தண்ணீரிலேயே கரைகிறது, கடுமையான கரைப்பான் எதுவும் தேவையில்லை. ரத்தத்தின் 7.4ஐத் தொட்டதும் வளையம் மூடிக்கொள்கிறது, கொழுப்பில் கரையும் உருவம் எடுத்து மூளைக்குள் போகிறது. குப்பியின் பி.எச். 3 அளவில் இருந்தும் அது கையை எரிப்பதில்லை. கொடுக்கும் அளவு சில மில்லிதான், புளிப்பை ரத்தம் உடனே மாற்றிவிடுகிறது.

ஃபெனிட்டாயின் கதை கொஞ்சம் கொடூரமானது. அதற்கும் 40 சதவீதம் புரோப்பிலீன் கிளைகால், 10 சதவீதம் ஆல்கஹால், மேலே அந்த 12 பி.எச். காரம் குறைந்தால் மருந்து பளிங்குகளாக உதிரும். ஆகவே குளுக்கோஸில் கலக்கவே கூடாது, சலைன்தான். வயதானவர்களுக்கு, புறங்கையின் சிறு சிரையில், அதிக அளவில் கொடுக்கும்போது, சில மணி நேரம் கழித்து ஊசி போட்ட இடத்தைச் சுற்றி ஊதா நிறம் படர்ந்து, கை வீங்கி, கையுறை மாட்டியது போல ஆவதுண்டு. அரிதாகத் திசு அழுகிப்போகும். பெரிய சிரை, நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டாத வேகம், முதியவர்களுக்கு அதிலும் பாதி, முடிந்ததும் சலைனால் கழுவிவிடுதல் என்பவை இதைத் தடுக்கும் வழிகள். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாஸ்ஃபெனிட்டாயின், மூலக்கூறில் ஒரு பாஸ்பேட் வாலை ஒட்டித் தண்ணீரில் கரையவைக்கப்பட்டது. ரத்தத்தில் நுழைந்ததும் நொதிகள் வாலைக் கழற்றிவிடுகின்றன. சிரை தப்பித்தது, பதிலுக்குச் சிலருக்குத் தொடையிடுக்கில் அரிப்பு வருகிறது. நிற்காத வலிப்புக்கு லெவெட்டிராசெட்டம், வால்புரோயேட், ஃபாஸ்ஃபெனிட்டாயின் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்று 2019இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. சிரைக்குச் சாதுவான மருந்து அதே வேலையைச் செய்யும்போது ஃபெனிட்டாயினைப் புறங்கையில் ஏற்றுவதற்கு நியாயம் குறைந்துகொண்டே வருகிறது.

இப்போது சிஸ்டர் உருட்டிய சக்கரத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக விட்டால் எரியாது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பொட்டாசியத்துக்கு அது சரி. வான்கோமைசினுக்கும் சரி. ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வினோரெல்பினுக்கு நேர்மாறு. அதை மெதுவாக ஏற்றினால் சிரை அதிகம் வெந்துபோகிறது. 6 முதல் 10 நிமிடத்துக்குள், வேகமாக ஓடும் சலைனின் பக்கவாட்டு வழியே கொடுத்து, முடிந்த கையோடு குறைந்தது 75 முதல் 125 மில்லி சலைனால் சிரையைக் கழுவ வேண்டும் என்பது மருந்தோடு வரும் விதி. ஒரு மருந்து அடர்த்தியால் எரிக்கிறதென்றால் மெதுவாகப் போகலாம். தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தால் எரிக்கிறதென்றால் சீக்கிரம் முடித்துக் கழுவிவிட வேண்டும். எது எந்த ரகம் என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, அந்தந்த மருந்தின் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரம் ஒன்றுதான், உருட்டும் திசை இரண்டு.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். 1950 வரை சிரைக்குள் இருந்தது எஃகு ஊசி. கை அசைந்தால் சுவரைக் கிழிக்கும், பலகையில் கையைக் கட்டிப்போடுவார்கள். அந்த ஆண்டு மேயோ கிளினிக்கின் டேவிட் மாஸா ஊசியின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போர்த்தி, குத்திய பிறகு ஊசியை உருவிவிடும்படி செய்தார். இன்றைய கேனுலாவின் தாத்தா அது. அதன் பிறகு டெஃப்லான், அதற்கும் பிறகு உடல் சூட்டில் இளகும் பாலியூரித்தேன். 1991இல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் பாலியூரித்தேன் கேனுலாக்களில் சிரை அழற்சி தெளிவாகக் குறைந்தது.

மூடியின் நிறம்தான் அளவு. பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். பெரிதாகப் போட்டால் மருந்து நன்றாகப் போகும் என்று நினைத்துப் பச்சையைத் தேடுபவர்கள் உண்டு. ரத்தப்போக்குக்கும் விபத்துக்கும் அது வேண்டும். எரிச்சலூட்டும் மருந்துக்குத் தலைகீழ். பெரிய சிரையில் சிறிய குழாய் என்றால்தான் இரண்டுக்கும் நடுவே ரத்தம் ஓட இடம் இருக்கும். மெல்லிய சிரையை அடைத்துக்கொண்டு ஒரு தடித்த குழாய் உட்கார்ந்தால், அந்தச் சிரையின் ஓட்டம் நின்றே போகலாம். அப்புறம் மருந்தை நீர்க்க வைக்க அங்கே என்ன இருக்கிறது? மணிக்கட்டு, முழங்கை மடிப்பு போன்ற வளையும் இடங்களில் நாள்கணக்கில் வைத்தால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். ஒருமுறை கொடுக்கும் மயக்க மருந்துக்கு முழங்கை மடிப்பு பிரமாதம், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்கையின் நேரான பகுதியே நல்லது.

மூன்று நாளைக்கு ஒருமுறை கேனுலாவை மாற்றியே ஆக வேண்டும் என்பது அண்மைக்காலம் வரை கல்லில் செதுக்கிய விதி. ஆஸ்திரேலியாவில் கிளேர் ரிக்கர்டும் குழுவினரும் குவீன்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3,283 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நாள் பார்த்து மாற்றியவர்கள், தேவை ஏற்பட்டால் மட்டும் மாற்றியவர்கள், இரு தரப்பிலும் சிரை அழற்சி 7 சதவீதம். 2012இல் லான்செட்டில் வந்தது. நாள்காட்டியைவிடக் கண் முக்கியம் என்று ஆகிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்குக் குத்திய இடம் தெரியும்படியான ஒளிபுகும் ஒட்டு வேண்டும். வெள்ளை பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, அடியில் என்ன நடக்கிறதென்றே தெரியாத கைகளை நம் வார்டுகளில் இன்றும் பார்க்கலாம்.

வலியை மரக்கவைப்பதில் ஒரு கண்ணி உண்டு. பொட்டாசியப் பாட்டிலில் கொஞ்சம் லிக்னோகெய்ன் சேர்த்தால் எரிச்சல் குறையும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மருந்து சிரையை விட்டுத் திசுவுக்குள் கசிந்தால் முதலில் தெரிவிப்பது வலிதான். அந்த வாயை அடைத்துவிட்டால் வீங்கிய பிறகுதான் தெரியும். மயக்கத்தில் இருப்பவர், பேச முடியாத குழந்தை, பக்கவாதத்தில் ஒரு கை மரத்துப்போனவர் ஆகியோருக்கு அந்த வாய் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது, அவர்களுடைய கையைக் கூடுதல் தடவை பார்க்க வேண்டும். பாட்டியின் கையில் சிஸ்டர் முதலில் வீக்கத்தைத் தேடியதன் அருமை இங்கே புரியும். கசிவு என்று தெரிந்தால் அடுத்த வேலை நிறுத்துவது. ஒத்தடம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. புற்றுநோய் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் கசிந்தால் குளிர், வினோரெல்பின் போன்ற வின்கா வகை மருந்துகள் கசிந்தால் வெதுவெதுப்பு. மாற்றிச் செய்தால் காயம் பெருகும். வெறும் சிரை அழற்சி என்றால் கேனுலாவை எடுத்துவிட்டு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பார்கள், நம் ஊரில் ஹெப்பாரின் களிம்பு தடவுவார்கள், கிளிசரினில் மெக்னீசியம் சல்பேட்டைக் குழைத்துக் கட்டுவார்கள். ஆறுதலாகத்தான் இருக்கிறது. இவற்றுக்கான சான்றுகள் மெலிந்தவை.

வாரக்கணக்கில் மருந்து தேவைப்படுகிறவருக்குக் கையில் போராடுவதைவிட, மேற்கையிலிருந்து பெருஞ்சிரை வரை செல்லும் நீண்ட குழாயோ, மார்புத் தோலுக்கடியில் புதைக்கும் போர்ட்டோ நல்லது. இரண்டு லிட்டர் ஓட்டத்தில் எந்த மருந்தும் அடங்கிப்போகும். விலையாக ரத்தத்தில் தொற்று, ஆழ்சிரையில் உறைகட்டி ஆகிய இரண்டு அபாயங்களை ஏற்க வேண்டும். மூன்று நாள் மருந்துக்கு அந்த விலை அதிகம்.

இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப்போகும் ஒரு நோயாளி இருக்கிறார்: சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்து வருபவர். நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால் மணிக்கட்டில் அவருடைய தமனியையும் சிரையையும் இணைக்க வேண்டும். 1966இல் நியூயார்க்கின் பிரெஸியாவும் சிமினோவும் வெளியிட்ட இந்த இணைப்புக்கு முன்கையில் கெடாத சிரை ஒன்று வேண்டும். ஒருமுறை வெந்து கயிறான சிரை மறுபடி குழாயாவது அபூர்வம். ஆகவே, எரிச்சலைத் தவிர்க்க நாம் இவ்வளவு நேரம் சிபாரிசு செய்த அதே முன்கைச் சிரைகளை இவரிடம் தொடக் கூடாது. நீண்ட குழாயும் கூடாது, அதுவும் அதே சிரைகளைத்தான் கெடுக்கும். மிஞ்சுவது புறங்கை, அந்த 10 மில்லி ஓட்டம். நிறையத் தண்ணீரில் நீர்க்கலாம் என்றால் சிறுநீர் பிரியாத உடலில் தண்ணீருக்கும் அளவு இருக்கிறது. மாத்திரையாகக் கொடுக்க முடிகிற மருந்தா என்று முதலில் பார்க்கிறார்கள். முடியாதென்றால், கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாய் ஒன்றை மார்புத் தோலுக்கடியில் கொண்டுவருகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டவர்களுக்கு வழி சுலபம். வாரத்தில் மூன்று நாள் அவர்களுடைய ரத்தம் எப்படியும் நிமிடத்துக்கு 300 மில்லி வேகத்தில் இயந்திரத்தின் குழாயில் ஓடுகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் வான்கோமைசினை அந்தக் குழாயிலேயே சேர்த்துவிடுகிறார்கள், கையில் புதிதாக எதையும் குத்துவதில்லை.